மலையிலிருந்து பாத்திக்கு

திருவனந்தபுரத்திலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 60 கிலோமீட்டர் தொலைவில் இருப்பது பொன்முடி மலை. நெடுமங்காட்டையும் விதுராவையும் கடந்து, கல்லாற்றைத் தாண்டி, 22 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால், ஏறக்குறைய 1,100 மீட்டர் உயரத்தில் பனிமூட்டமும் புல்வெளியும் நம்மை எதிர்கொள்ளும். அதற்குத் தென்கிழக்கே நிமிர்ந்து நிற்பது 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலை. தமிழ் முனிவர் உறைந்த பொதிகை என்று மரபு கூறும் மலைத்தொடர் இதுவே. சித்த மருத்துவர்கள் தங்கள் மூலிகைகளுக்குத் தாய்வீடாகப் போற்றுவதும் இதுவே. 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி வரை இம்மலையின் மேற்குச் சரிவும், தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தமிழ் வட்டங்களும் ஒரே ராஜ்யத்தில் இருந்தன. பின்னர் எல்லைக்கோடு விழுந்தது. மழைக்கும் மூலிகைக்கும் அந்தக் கோடு தெரியாது.

இன்று மும்பையிலும் பெங்களூரிலும் டில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாயிலிலோ மொட்டை மாடியிலோ ஒரு சிறு பாத்தியைக் காணலாம். கட்டட வேலையில் மிஞ்சிய ஹாலோ பிளாக் கற்களை நாற்புறமும் அடுக்கி, நடுவே மண் நிரப்பி, கற்பூரவல்லியும் துளசியும் தூதுவளையும் நட்டிருப்பார்கள். கற்களின் குழிகளில் கற்றாழையும் பிரண்டையும் நிற்கும். இருமலுக்கு ஒரு தழை, துவையலுக்கு ஒரு தண்டு என்று அப்பாத்தி பிறந்த ஊரைச் சற்றே அருகில் கொண்டுவந்து வைக்கும். இந்தச் சிறு பாத்திக்கும் அந்தப் பெருமலைக்கும் உள்ள உறவு யாது? காட்டில் தானே வளர்ந்த செடி மனிதனின் பாத்திக்கு வந்தபோது, அதனுடன் எவை வந்தன, எவை வழியில் விடுபட்டன? இதுவே இன்று நாம் ஆராயப்போகும் பொருள்.

மண்ணை உயர்த்திச் செடி வளர்ப்பது நமக்குப் புதியதன்று. வீட்டு முற்றத்துத் துளசி மாடம் உயர்த்திய பாத்தியே அல்லவா? தரையில் தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யாமலும், நடப்போர் கால் மண்ணை மிதித்து இறுக்காமலும், கோழியும் ஆடும் தழையைக் கடிக்காமலும் காப்பது அம்மாடம். வழிபாட்டுக்கென அமைந்தது தோட்டக்கலைக்கும் பொருந்தி நின்றது. புதுமை கல்லில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஹார்மன் பால்மர் என்பவர் 1900-ஆம் ஆண்டில், உள்ளீடற்ற கான்கிரீட் கல் வார்க்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். 1917-இல் பிரான்சிஸ் ஸ்ட்ராப் என்பவர், நிலக்கரி எரிந்த கங்கைச் சேர்த்து எடை குறைந்த கல்லைச் செய்யும் முறைக்கு உரிமை பெற்றார். சுவருக்காகப் பிறந்த அந்தக் கல்லே பின்னர்த் தோட்டக்காரனுக்கும் துணையாயிற்று. சுண்ணாம்புச் சாந்து இன்றி அடுக்கலாம். வீடு மாறும்போது பிரித்துக்கொண்டு போகலாம். வாடகை வீட்டில் வாழும் வெளியூர்த் தமிழருக்கு இது சிறிய வசதியன்று.

செடிகள் வந்த வரலாறோ கல்லின் வரலாற்றினும் நீண்டது. பதினேழாம் நூற்றாண்டில் கொச்சியில் டச்சுக்காரரின் ஆட்சித் தலைவராக இருந்தவர் ஹென்ரிக் வான் ரீட். மலையாளக் கரையின் செடிகொடிகளை எழுதியும் வரைந்தும் தொகுக்க அவர் ஒரு பெரும்பணி தொடங்கினார். அதன் பயனாக, 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாம் நகரில் 12 தொகுதிகள் இலத்தீன் மொழியில் வெளிவந்தன. நூலின் பெயர் ஹோர்த்துஸ் மலபாரிக்குஸ். மலபார்த் தோட்டம் என்பது பொருள். அந்தத் தோட்டத்தின் கதவைத் திறந்துவிட்டவர்கள் உள்நாட்டு மருத்துவர்கள். சேர்த்தலைப் பக்கத்தைச் சேர்ந்த பரம்பரை வைத்தியர் இட்டி அச்சுதன், கொங்கணி அந்தணர்களான ரங்க பட், விநாயக பண்டிட், அப்பு பட் ஆகியோர் தாங்கள் அறிந்ததைச் சொன்னார்கள். இட்டி அச்சுதன் 1675-இல் அளித்த சான்றுரை அவருடைய எழுத்திலேயே முதல் தொகுதியில் அச்சாகியுள்ளது.

இச்செய்தி கவனத்துக்கு உரியது. ஐரோப்பியர் வகுத்த நூல் ஒன்றில் உள்நாட்டு மருத்துவரின் பெயர் அவருடைய மொழியின் எழுத்திலேயே இடம்பெற்றது அக்காலத்தில் எளிதாக நிகழ்வதன்று. எனினும் அறிவை அளித்தவரின் மக்கள் அந்நூலைப் படிக்க நெடுங்காலம் காத்திருக்க நேர்ந்தது. பேராசிரியர் மணிலால் தம் வாழ்நாள் உழைப்பாகச் செய்த ஆங்கில மொழிபெயர்ப்பைக் கேரளப் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. மலையாளப் பதிப்பு 2008-இல் வந்தது. சொன்ன மொழிக்கே அந்தச் சொல் திரும்பிவர முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

பெயரும் அறிவும் சரியாக வராமல் செடி மட்டும் வந்தால் என்ன ஆகும் என்பதற்குச் சென்னையே சான்று. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம் அமைத்தார். மெக்சிகோவில் ஒருவகைக் கள்ளியின்மேல் வாழும் செதிற்பூச்சியிலிருந்து உயர்ந்த சிவப்புச் சாயம் எடுப்பார்கள். அந்த வணிகம் ஸ்பெயின் நாட்டின் கையில் இருந்தது. அதைச் சென்னைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது அவருடைய ஆசை. 1795-இல் பிரேசிலிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சியும் வந்து சேர்ந்தது. ஆனால் அது அசல் சாயப்பூச்சியன்று. அதன் தாழ்ந்த இனம். சாய வணிகம் நொடித்துப்போயிற்று. பூச்சியோ தனக்கு ஏற்ற ஒருவகைக் கள்ளியைத் தின்று தீர்த்தது.

கள்ளியின் கதை அத்துடன் முடியவில்லை. அமெரிக்காவிலிருந்து வந்த மற்றோர் இனமாகிய சப்பாத்திக்கள்ளி, பழைய பூச்சிக்கு அடங்காமல், வேலியைத் தாண்டி வயலோரமும் மேய்ச்சல் நிலமும் கைப்பற்றியது. 1926-இல் அதற்கென வேறொரு செதிற்பூச்சியைக் கொண்டுவந்த பின்னரே அது பெரும்பாலும் ஒடுங்கியது. தண்ணீர் கேளாத செடி எனப் புகழ்ந்து நடுவோர் இதை நினைவில் வைத்தல் நலம். வறட்சியைத் தாங்கும் வலிமை பாத்திக்குள் குணமாக நிற்கும். வேலிக்கு வெளியே அதுவே குற்றமாகும்.

சதைப்பற்றுள்ள செடிகள் தண்ணீரை இவ்வளவு சிக்கனமாகச் செலவிடுவது எப்படி? இந்த மறைபொருளின் முதல் நூலிழை கிடைத்ததும் இந்திய மண்ணில்தான். தரங்கம்பாடி மிஷனைச் சேர்ந்து வந்து, பின்னர்க் கம்பெனியின் தாவர அறிஞராகப் பணியாற்றியவர் பெஞ்சமின் ஹெய்னே. மடகாஸ்கரில் பிறந்து நம் நாட்டில் குடியேறிய ஒரு செடியின் இலையை அவர் சுவைத்துப் பார்த்தார். விடியற்காலையில் அது புளித்தது; நண்பகலில் சுவையற்றிருந்தது; மாலையில் சற்றே கசந்தது. இதனை அவர் 1813-இல் கடிதமாக எழுத, 1815-இல் இலண்டனில் அச்சாயிற்று. நம் பெண்கள் அச்செடிக்கு இட்ட பெயர் அழகானது: கட்டிப்போட்டால் குட்டிபோடும். இலையைக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டாலும் அதன் விளிம்பில் குட்டிச்செடிகள் முளைப்பதால் வந்த பெயர். ரணகள்ளி என்றும் அதனை அழைப்பதுண்டு.

இலை காலையில் ஏன் புளித்தது என்பதைப் பிற்கால அறிவியல் விளக்கியது. மற்றச் செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை ஏற்கும். அப்போது வெயிலில் நீரும் ஆவியாய்ப் போகும். சதைப்பற்றுள்ள செடிகளிற் பல இரவின் குளிர்ச்சியில் துளைகளைத் திறக்கும். ஏற்ற வாயுவை அமிலமாக மாற்றி இலைக்குள் சேமிக்கும். பொழுது விடிந்ததும் துளைகளை மூடிக்கொண்டு, சேமித்ததை வெயிலின் துணையால் உணவாக்கும். ஆதலின் காலையில் புளிப்பு மிகும், பகலில் குறையும். இரவில் சேர்த்துப் பகலில் செலவிடும் இக்குடும்பத்துக்கு நாள்தோறும் குடம் குடமாக நீர் ஊற்றுவது உபசாரமன்று, உபத்திரவம். வேர் அழுகி மாய்ந்த கற்றாழைகளிற் பெரும்பாலானவை தாகத்தால் மாய்ந்தவையல்ல.

இனிப் பொன்முடிக்கு வருவோம். அம்மலையின் அடிவாரத்துப் பாலோட்டில், கேரள அரசு 1979-ஆம் ஆண்டில் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டமும் ஆராய்ச்சி நிலையமும் நிறுவியது. இன்று அது ஜவாஹர்லால் நேருவின் பெயர் தாங்கி நிற்கிறது. மலையின் செடிகளைக் காத்து, ஆராய்ந்து, பாத்தியில் பெருக்குவது அதன் பணிகளுள் ஒன்று. அந்த மலைக்காடுகளிலோ நெடுங்காலமாகக் காணிக்காரர் என்னும் பழங்குடியினர் வாழ்கின்றனர். எல்லைக்கு இப்பால் கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் மலைகளிலும் அவர்கள் உண்டு. அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்து ஒலிக்கும். காணி என்ற சொல்லுக்கு நம் மொழியில் நிலவுரிமை என்று பொருள். பெயரில் உரிமை இருந்தும், அவர்கள் நடந்த காட்டின் இலையைப் பறிப்பதற்குப் பிறரிடம் இசைவு கேட்க வேண்டிய நிலை வந்ததே அவர்கள் வரலாற்றின் முரண்.

1987-ஆம் ஆண்டு டிசம்பரில் அறிஞர் குழு ஒன்று, டாக்டர் புஷ்பாங்கதன் தலைமையில், அகத்தியர் மலைக் காட்டில் ஏறியது. வழிகாட்டிகளாகச் சென்றவர்கள் காணிக்காரர். மேடு ஏறி ஏறி அறிஞர்கள் களைத்தனர், வழிகாட்டிகள் களைக்கவில்லை. அவர்கள் அவ்வப்போது ஏதோ ஒரு சிறு கனியைத் தின்றுகொண்டு வந்தனர். அதை அறிஞர்களுக்கும் கொடுத்தனர். தின்றவர்கள் புத்துணர்வு பெற்றதாகக் கூறினர். செடியைக் காட்டுமாறு கேட்டபோது காணிகள் முதலில் தயங்கினர். குலத்தின் மறைபொருளை வெளியாருக்குச் சொல்வது அவர்கள் மரபன்று. பின்னர் அவர்கள் காட்டிய செடியே ஆரோக்கியப்பச்சை. நிழலில் தரையை ஒட்டி வளரும் சிறு செடி அது. வள்ளிக்கிழங்கின் குடும்பத்தைச் சேர்ந்தது. குட்டிமாத்தன் காணி, மல்லன் காணி ஆகியோரின் பெயர்கள் இந்நிகழ்ச்சியோடு இணைந்து இன்றும் எழுதப்படுகின்றன.

ஆராய்ச்சியின் பயனாகப் பாலோடு நிலையத்தில் ஜீவனி என்னும் மருந்து உருவாயிற்று. ஆரோக்கியப்பச்சையோடு அமுக்கிரா, திப்பிலி, விஷ்ணுகிரந்தி ஆகியவையும் அதில் சேர்ந்தன. 1995-இல் அதைச் செய்து விற்கும் உரிமை, 7 ஆண்டுகளுக்கு, கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசிக்கு வழங்கப்பட்டது. உரிமக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். விற்பனையில் நூற்றுக்கு 2 பங்கு உரிமைத்தொகை. இவற்றில் சரிபாதி காணிகளுக்கு என நிலையம் தீர்மானித்தது. பணத்தைப் பெற்று நடத்த, 1997-இல் கேரள காணி சமுதாய க்ஷேம டிரஸ்ட் பதிவு செய்யப்பட்டது. 1999-இல் 5 லட்சம் ரூபாய்க்குச் சற்று மேற்பட்ட தொகை அதன் கைக்கு வந்தது. ரியோ நகரில் 1992-இல் உலக நாடுகள் பல்லுயிர் உடன்படிக்கை செய்து, மரபறிவின் பயனை அதற்கு உரியவரோடு பகிர வேண்டும் என்று கூறியிருந்தன. எழுத்தில் இருந்த அந்நெறி செயலில் வந்த தொடக்ககால எடுத்துக்காட்டுகளுள் பொன்முடிப் பக்கத்து இம்முயற்சியும் ஒன்று. 2002-இல் ஐக்கிய நாடுகளின் ஈக்குவேட்டர் முயற்சியின் பரிசும் இதற்குக் கிட்டியது. அதே ஆண்டில் இந்தியாவும் பல்லுயிர்ச் சட்டம் இயற்றியது.

ஆயினும் புகழ்ச்சியோடு நிறுத்துவது வரலாறாகாது. காணிகள் எல்லாரும் ஒரே மனத்தினராய் இருக்கவில்லை. தங்கள் அறிவைத் தனியார் நிறுவனத்துக்கு விற்கலாகாது என்று, பிலாத்திகள் எனப்படும் காணி மருத்துவர் சிலர் 1995-இல் முதலமைச்சருக்கு எழுதினர். சொன்னவர் இருவர் மூவர்; அறிவோ குலத்தின் பொதுச்சொத்து. அவ்வாறாயின் இசைவு அளிக்க உரியவர் யார்? பாதிப் பங்கு என்பதை முடிவுசெய்தவர் யார்? கொடுப்பவரே அளவையும் தீர்மானித்தால் அது பங்கா, கொடையா? இக்கேள்விகளுக்கு எளிய விடை இல்லை. எனினும் அவை எழுந்ததே ஒரு நன்மை. இட்டி அச்சுதன் காலத்தில் இப்படிக் கேட்பார் இல்லை.

அடுத்த இடையூறு பாத்தியிலேயே தோன்றியது. மருந்துக்கு இலை வேண்டும். காட்டிலிருந்து பறித்துக்கொண்டே இருந்தால் செடி அற்றுப்போகும். ஆதலின் 1994 முதல் 1996 வரை சுமார் 50 காணிக் குடும்பங்கள் தங்கள் குடியிருப்பை ஒட்டி அதைப் பயிரிடப் பயிற்சி பெற்றன. வனத்துறையோ தயங்கியது. பயிரிட்ட இலை எது, காட்டில் களவாகப் பறித்த இலை எது என்று பிரித்தறிவது எப்படி என்பது அத்துறையின் கவலை, அதுவும் நியாயமானதே. மேலும் ஒரு தடை இருந்தது. ஆரோக்கியப்பச்சை தன் இயல்பான காட்டுச் சூழலிலும் அதை அடுத்த நிழலிலும் வளரும்போதுதான் மருந்துக்குணம் நிறைந்திருக்கும் என ஆய்வாளர் கூறினர். சமவெளியில் வரிசை வரிசையாக நட்டுவிடலாம் என்ற எண்ணத்துக்கு இடமில்லாமற் போயிற்று. மலை தன் மருந்தைக் கொடுத்தது, நிழலைக் கொடுக்கவில்லை.

நம் மாடிப்பாத்திக்கு இதில் பாடம் உண்டு. எந்தச் செடி எந்தச் சூழலிலிருந்து வந்தது என்பதை அறிந்து நடுதலே முதல் வேலை. ஹாலோ பிளாக் பொதுவாக 16 அங்குல நீளமும் 8 அங்குல உயரமும் உடையது. குழிகள் மேல்நோக்கி இருக்குமாறு இரண்டு வரிசை அடுக்கினால் பெரும்பாலான மூலிகைகளின் வேருக்குப் போதிய ஆழம் கிடைக்கும். கல்லின் குழிகள் விரைவில் சூடேறி விரைவில் உலரும். அவற்றைக் கற்றாழைக்கும் பிரண்டைக்கும் ஒதுக்குக. மண்ணோடு சம அளவு மணலும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, விரல் நுனிக்கு மண் உலர்ந்த பின்னரே நீர் விடுக. பிரண்டை பற்றி ஏறவும் முள்ளுள்ள தூதுவளை படரவும் ஒரு கொழுகொம்பு வேண்டும். துளசியும் தூதுவளையும் நடுப்பாத்தியில் சற்று மிகுதியான நீரோடு நிற்கட்டும். கற்பூரவல்லிக்கும் இலையில் சதை உண்டு. அதை ஓரத்தில் வைப்பதே முறை.

புதிய கல்லிலிருந்து சுண்ணாம்புக் காரம் கசியும். ஆதலின் சில நாட்கள் நீர் ஊற்றிக் கழுவிய பின் மண் இடுதல் நன்று. பழைய கங்குக்கல்லாயின், உண்ணும் தழைக்கு அதைத் தவிர்ப்பதே அறிவு. கரிச்சாம்பலில் நச்சு உலோகங்கள் இருக்கக்கூடும். மாடியில் அமைப்போர் எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு கன மீட்டர் ஈரமண் ஏறக்குறைய ஒன்றரை டன் நிறுக்கும். தென்னை நார்க்கழிவு கலந்தால் பாரம் குறையும். டில்லியின் மார்கழிக் குளிரில் துளசி கருகும்; இரவில் துணியால் மூடி, வெயில் படும் சுவரோரம் அதைக் காக்க வேண்டும். மும்பையின் ஆடி மழையில் கற்றாழைக்குக் கூரை வேண்டும். ஊர் மாறினால் முறையும் மாறும்.

இரண்டாவது வேலை, பெயரைக் காப்பது. கடையில் வாங்கும் செடியில் ஓர் அயல்மொழிப் பெயர் ஒட்டியிருக்கலாம். அதனடியில் பிரண்டை என்றும், கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்றும் தமிழில் எழுதிச் செருகுக. இத்தண்டு யார் வீட்டிலிருந்து வந்தது, இதை என்ன செய்து உண்ண வேண்டும் என்று யார் சொன்னார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லுக. நம் பாட்டிமார் எவரும் தம் கைம்மருந்துக்கு உரிமம் கேட்டதில்லை. காணிக்காரர் கேட்டதும் முதலில் பணமன்று; தங்களைக் கேட்டுச் செய்ய வேண்டும் என்பதே. ஒருவரிடமிருந்து பெற்ற செடியை மற்றொருவருக்கு ஒடித்துக் கொடுக்கும்போது, கொடுத்தவர் பெயரையும் கூடக் கொடுப்பது செலவில்லாத கடமை.

இட்டி அச்சுதனின் பெயர் ஒரு நூலில் நின்றதால் முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னும் நாம் அவரை அறிகிறோம். அவருக்கு முன்னும் பின்னும் இருந்த எத்தனையோ பேர் செடியை மட்டும் கொடுத்துவிட்டு மறைந்தனர். பொன்முடியின் அடிவாரத்தில் பாலோட்டுப் பாத்திகளுக்கு மேலே, ஆரோக்கியப்பச்சை இன்னும் மரநிழலில் தரையோடு படிந்து நிற்கிறது. அதை நம் மாடிக்குக் கொண்டுவர இயலாது, கொண்டுவரவும் வேண்டா. நம் கைக்கு எட்டிய கற்பூரவல்லியையும் பிரண்டையையும், குணம் அறிந்தும் பெயர் சொல்லியும் வளர்ப்போமானால், நான்கு கற்களுக்கு நடுவே உள்ள அந்த ஒரு முழ மண்ணிலும் மலையின் நன்றி நிலைத்திருக்கும்.